தாங் காலக் கவிதைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் தாங் காலக் (618–907) கவிதைகள் இன்று பலருக்கும் மூடுபனி மலைப் படத்தின் மேல் நான்கு வரியாகத்தான் அறிமுகமாகின்றன. அழகுதான். ஆனால் அவற்றை மன அமைதிக்கான வரிகள் என்று மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

தாங் காலக் கவிஞர் து ஃபூவின் 'வசந்தக் காட்சி'யைப் பாருங்கள். நாடு சிதைந்தது, மலையும் ஆறும் இருக்கின்றன. நகரில் வசந்தம், புல்லும் மரமும் அடர்ந்து கிடக்கின்றன. இயற்கை வர்ணனை போலத்தான் தொடங்குகிறது. எழுதப்பட்டது 757இல். 755இல் தளபதி ஆன் லூஷான் தொடங்கிய கலகத்தில் தலைநகர் சாங்கான் விழுந்துவிட்டது. கவிஞர் கலகக்காரர்களிடம் சிக்கி உள்ளே இருக்கிறார், குடும்பம் வெளியூரில். நகரில் ஆள் நடமாட்டம் இல்லாததால்தான் புல் அப்படி மண்டிக் கிடக்கிறது. போர்த்தீ அணையவில்லை, வீட்டுக் கடிதம் பத்தாயிரம் பொன் பெறும் என்கிறார். கடைசியில், நரைத்த தலையைச் சொறியச் சொறிய முடி குறைந்து, கொண்டை ஊசிகூட நிற்காது போலிருக்கிறது என்று முடிக்கிறார். அதிகாரிகள் தொப்பி நழுவாமல் இருக்கக் குத்திக்கொள்ளும் ஊசி அது. அப்போது அவருக்கு வயது 45தான். ஆண்டும் ஊரும் தெரியாமல் படித்தால் இந்த வலி எப்படிப் புரியும்?

தலைப்பைத் தாண்டிப் போவதும் இதே வகைத் தவறு. யாரை, எங்கே வழியனுப்பினார் என்பதை அதே காலக் கவிஞர் லீ பாய் பல கவிதைகளில் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

அடுத்தது, மொழிபெயர்ப்பைப் பார்த்து இவை புதுக்கவிதை என்று நினைப்பது. 'வசந்தக் காட்சி' எட்டு வரி, வரிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் நாற்பது. தொனி (குரல் ஏற்ற இறக்கம்) ஒழுங்கு, வரி இறுதியில் இயைபு, நடு வரிகளில் சொல்லுக்குச் சொல் இணை என்று கட்டுப்பாடு கடுமையானது. இன்றைய பொதுச் சீன மொழியான மாண்டரினில் அதன் இயைபுச் சொற்கள் ஷென், ஷின், ஜின் என்று கலைந்து ஒலிக்கின்றன. தென் சீனாவில் பேசும் கான்டனீஸில் சம், சம், கம் என்று பொருந்துகின்றன. பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கான்டனீஸ் வாசிப்பு ஒன்றை ஒருமுறை கேளுங்கள்.

லீ பாய் நிலவைத் தழுவப் போய் ஆற்றில் மூழ்கினார் என்பது கதை. வரலாறாகப் பகிர வேண்டாம். சீன எழுத்து எல்லாமே படம் என்பதும் சரியில்லை, பெரும்பாலானவற்றில் ஒரு பகுதி ஒலியைக் குறிப்பது.

அப்புறம், ஒரே மொழிபெயர்ப்போடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு தாங் காலக் கவிஞர் வாங் வெய்யின் 'மான் வேலி' இருபதே எழுத்து. அதில் 'நான்' எங்கும் இல்லை. சில மொழிபெயர்ப்புகளில் மட்டும் ஒரு 'நான்' மலையில் நின்று பார்க்கும். இரண்டு மூன்றை அருகருகே வைத்துப் படித்தால், எது வாங் வெய்யுடையது, எது இடையில் வந்தது என்று பிடிபட்டுவிடும்.