பெற்றவரைப் பார்க்க மகளைக் கூட்டிப் போகும்போது

எங்கள் மகள் பிறந்தது அமெரிக்காவில், ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாண்டில். நாங்கள் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஓப்பன் அடாப்ஷன் முறையில் அவளைத் தத்தெடுத்தோம். பெற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்பது ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும். பெங்களூருக்குத் திரும்பி அல்சூரில் குடியேறிய பிறகும் அந்தத் தொடர்பை விடவில்லை, நேரிலும் போய்ப் பார்க்கிறோம். இங்கே காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) வழியாகத் தத்தெடுத்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. நம் சட்டத்தில் பெற்றவர் விவரம் ரகசியம். வெளிநாட்டில் தத்தெடுத்துவிட்டு ஊர் திரும்பிய நம்மவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. இங்கே பள்ளிகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை, ஜூனில் திறந்துவிடும். அங்கே ஜூன் நடுவில்தான் லீவே ஆரம்பம். அதனால் மே மாதம் போனால் சனி, ஞாயிறில்தான் நிதானமாகச் சந்திக்க முடியும். மே இரண்டாவது ஞாயிறு அங்கே அன்னையர் தினம் என்பதை மறந்துவிடாதீர்கள். பிள்ளையைத் தத்துக் கொடுத்த ஒருவருக்கு அது லேசான நாள் இல்லை. அன்று சேர்ந்திருக்கலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் மகளைப் பெற்றவர் தனியாக இருக்க விரும்பினார். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொண்டோம்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் தள்ளிப்போட முடியாதது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை அந்த நாட்டு பாஸ்போர்ட்டில்தான் உள்ளே போக வேண்டும். 16 வயதுக்குள் எடுத்தது 5 வருஷம்தான் செல்லும்; மறுபடி எடுக்க அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். தத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் பிறப்புச் சான்றிதழும் பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரிடமிருந்து நோட்டரி போட்ட சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் நிறமும் நம் நிறமும் வேறு என்றால் கவுண்டரில் கேள்வி வரலாம். பிள்ளை காதில் விழும்படி "எங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் காகிதத்தைக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைத் தயார் செய்வது இதைவிடப் பெரிய வேலை. "அங்கேயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டான்னா?" என்று என் மாமியார் ராத்திரி தூங்காமல் கிடந்தார். அந்தப் பயம் பாசத்தில் வருவது, அதட்டி அடக்கக் கூடாது. பிள்ளை முன்னால் மட்டும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் மாமியாரையும் பெற்றவரின் அம்மாவையும், இரண்டு பாட்டிகளையும், வீடியோ காலில் உட்கார வைத்தோம். இவர் முறுக்கு அச்சைக் காட்ட, அவர் பின்னிக்கொண்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைக் காட்டினார். நடுவில் மகள் மொழிபெயர்த்தாள். கிளம்பும் நாளில் மாமியாரே ஒரு டப்பா தேன்குழல் கட்டிக் கொடுத்தார்.

பிள்ளையிடமிருந்து வரும் கேள்விகளில் ஒன்றுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். எங்கள் மகளைப் பெற்றவருக்கு, அவளுக்கு அப்புறம் ஒரு மகன் பிறந்தான், அவரே வளர்க்கிறார். "அவனை மட்டும் ஏன் வச்சுக்கிட்டாங்க?" என்று எங்கள் மகள் ஒரு நாள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் கேட்டாள். "உன்மேல் இருந்த பாசத்தால்தான் கொடுத்தாங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பாசம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்றால், நாளைக்கு நாங்களும் கொடுத்துவிடுவோமா என்று பிள்ளை நினைக்கும். நடந்ததைச் சொல்லுங்கள். அவரும் நானும் போனில் பேசி, ஒரே பதிலை முடிவு செய்துகொண்டோம். நீ பிறந்தபோது அவருக்குத் தங்க நிலையான இடமில்லை, உதவிக்கு ஆளில்லை. தம்பி பிறந்தபோது இரண்டும் இருந்தன. குழந்தையில் எந்தக் குறையும் இல்லை. நான் இங்கே சொன்னதையே அவர் அங்கே நேரில் சொன்னபோது, மகள் அதை நம்பினாள்.

அவர்கள் வீட்டிலேயே தங்காதீர்கள், எவ்வளவு வற்புறுத்தினாலும். சமையலறை உள்ள இடமாக வாடகைக்கு எடுங்கள். பிள்ளை அழவோ, ஒன்றும் பேசாமல் ரசம் சாதம் சாப்பிடவோ தனக்கென்று ஓர் இடம் வேண்டும். வெயில் காலத்தில் போர்ட்லாண்டுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இறங்கிய முதல் சில நாட்கள் சாயங்காலமே பிள்ளை துவண்டுவிடும், அதனால் சந்திப்பைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பூங்காவே நல்லது. வாஷிங்டன் பார்க்கில் ரோஜாத் தோட்டமும் இருக்கிறது, மிருகக்காட்சி சாலையும் இருக்கிறது. பேச்சு நின்றால் பார்க்க ஏதாவது இருக்கும். இரண்டு மணி நேரம் போதும். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எந்தத் திட்டமும் இல்லாத நாட்களை விடுங்கள். என் அனுபவத்தில் பிள்ளை பேசுவதெல்லாம் அந்த நாட்களில்தான்.

கட்டிப்பிடி, முத்தம் கொடு என்று பிள்ளையைத் தூண்டாதீர்கள். எங்கள் மகளுக்கு இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி நிற்கும். பெற்றவர் அதைக் கவனித்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினார். அதே விரல், அதே மாதிரி. இருவரும் புல்லில் கால்களை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த மாதிரி நேரத்தில் நடுவில் போய்ப் பேச்சுக் கொடுக்காமல், பிள்ளை திரும்பிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் உட்கார்ந்திருங்கள்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது உடம்பு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மயக்க மருந்தால் யாருக்காவது சிக்கல் வந்ததா. பெண் பிள்ளை என்றால், பெற்றவர் எந்த வயதில் பெரியவளானார் என்பதையும் கேளுங்கள். அவருக்கு அது சீக்கிரம் நடந்திருந்தது. அது தெரிந்ததால் நான் மகளிடம் சரியான நேரத்தில் பேச முடிந்தது.

பணம் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம். நம் கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப் பொம்மை, தேதி எழுதிய போட்டோக்கள் போதும். அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் சில வாரம் பிள்ளை எரிந்து விழும், ராத்திரி உங்கள் பக்கத்தில் படுக்க வரும். வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அடுத்த போன் என்றைக்கு என்று கிளம்பும் முன்பே பேசிக் காலண்டரில் எழுதிவிட்டால் பிள்ளைக்குப் பிடிமானம் கிடைக்கும். எங்களுக்கு ஞாயிறு காலை 8 மணி; அவர்களுக்கு அது சனி மாலை 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மார்ச்சில் திரும்ப முன்னால். அந்த வாரங்களில் நேரத்தை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை போன் முன்னால் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.