மூட்டு மாற்று ஆபரேஷன்: வீட்டையும் காலையும் தயார் செய்யும் முறை

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புது மூட்டு நேராக நீளுமா, நன்றாக மடங்குமா என்பது பெரும்பாலும் அடுத்த ஆறு வாரத்தில் வீட்டில்தான் தீர்மானமாகிறது.

தேதி குறிக்கும்போதே துணைக்கு ஆள் இருக்குமா என்று பாருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் இரவிலும் ஒருவர் கூட இருக்க வேண்டும். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் மாங்காய் அறுவடை முடிந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், நீங்கள் சேரப்போகும் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர் வருமுன் பல ஆண்டுகள் போர் தண்ணீரையே குடித்தவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய நார்கள் இறுகிச் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். பல்லில் பழுப்புக் கறை, குனியவோ கழுத்தைத் திருப்பவோ முடியாத இறுக்கம் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். காலை மரத்துப்போகச் செய்ய முதுகில் ஊசி போட, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்காமல் போகலாம். முன்பே தெரிந்தால் அவர் மாற்று வழியைத் தயாராக வைத்திருப்பார்.

புது மூட்டுக்கு வரும் பெரிய ஆபத்து கிருமித் தொற்று. சொத்தைப் பல், சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சிறுநீர் எரிச்சல் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யுங்கள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8-க்குக் கீழே, முடிந்தால் 7.5-க்குக் கீழே இருக்கட்டும். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். புகை காயம் ஆறுவதைக் கெடுக்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் இடைவெளி வேண்டும். வலிக்கு வாங்கித் தின்ற பெயரில்லாத மாத்திரை, பொடிகளையும் மறைக்காதீர்கள், அவற்றில் ஸ்டீராய்டு இருக்கலாம். பச்சிலைக் கட்டு வேண்டாம். காலில் முடியை வீட்டிலேயே மழிக்கவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி நுழைந்துவிடும்.

வீட்டில் கட்டில் 18 முதல் 20 அங்குல உயரம் இருக்கட்டும். கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று, இந்தியன் கழிப்பறை என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். வாக்கர் தட்டும் பாய், மிதியடி, ஒயர்களை எடுத்துவிடுங்கள். வாசற்படி உயரமாக இருந்தால் படி ஏறும் முறையை ஆஸ்பத்திரியிலேயே பழகிக்கொள்ளுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

சேலத்திலோ பெங்களூரிலோ ஆபரேஷன் முடித்துக் காரில் வருபவர்கள் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டி உட்காருங்கள். வழியில் ஒருமுறையாவது நிறுத்தி இறங்கி நில்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வந்தால் ரத்தம் உறைவது குறையும்.

வீட்டில் எல்லோரும் செய்யும் தவறு, வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. கால் மடங்கியபடியே இறுகி, பிறகு நேராகாது. நடையில் நிரந்தரமாக நொண்டல் தங்கிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். அப்படியே தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆபரேஷனுக்கு முன்பே இதைப் பழகியவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள். மடக்குவதற்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் தேய்த்துப் பின்னால் இழுங்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 என்பது நியாயமான இலக்கு. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சியைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. பிசியோதெரபிக்குப் போக வண்டி வசதி இல்லையென்றால், 2021-இல் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி தர ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து கேளுங்கள்.

வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் கூடாது. முழங்காலின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதீர்கள். தையல் பெரும்பாலும் 12 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்தினால் காயம் ஆறத் தாமதமாகும். களியோடு கொள்ளு, பயறு, கீரை நன்றாகச் சாப்பிடுங்கள்.

கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108. காயத்தில் நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், குளிர்காய்ச்சல் வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். அதற்குமுன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். எந்தக் கிருமி என்று பரிசோதனையில் தெரியாமல் மறைந்துவிடும், சரியான மருந்து கொடுக்கவும் முடியாது. மூட்டு சில மாதம் சூடாக இருப்பதும், நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருவதும் இயல்புதான்.

டவுன் பஸ் படி உயரம். ஆறு வாரம் கழித்து, கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். டூவீலர் ஓட்டுவதை டாக்டர் சொன்னபிறகு தொடங்குங்கள். குந்தி உட்கார்ந்து களை எடுப்பதும் சம்மணமிட்டு உட்காருவதும் இனி வேண்டாம். நீண்ட கைப்பிடிக் களைக்கொத்தால் நின்றுகொண்டே வேலை செய்யலாம்.