பாட்டும் ஓடணும், கோடும் கோணக் கூடாது: சாதாரண லினக்ஸில் ரியல்-டைம்

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் அண்ணாச்சி ஒருவரின் பட்டறை. கடைசல் இயந்திரத்தில் குட்டிக் குடம் சுழலும்போது அதன் மேல் சுருள் கோடு இழுக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் (ஒரு மின் துடிப்புக்கு ஒரு சின்ன அடி நகர்வது) பழைய கம்ப்யூட்டரும் வைத்துக் கொடுத்திருந்தேன். மோட்டாரை நகர்த்தும் நிரல் நான் எழுதியது. மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு அனுப்பும், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

“எல்லாம் நல்லாத்தான் ஓடுது. பாட்டு போட்டுக்கிட்டு பென்டிரைவுல எதையாவது ஏத்துனா மட்டும் கோடு கோணுது. என்னன்னு வந்து பாருடே.”

போய்ப் பார்த்தேன். அரக்கு பூசிய சிவப்புக் குடத்தில் மஞ்சள் கோடு சீராக ஏறி வந்து, ஓரிடத்தில் கால் இடறியதுபோல் விலகி, மறுபடி சீராகப் போயிருந்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். குடத்தின் சுற்றளவு 18 செ.மீ. வினாடிக்கு 2 சுற்று. அப்படியென்றால் மரத்தின் மேற்பரப்பு வினாடிக்கு 36 செ.மீ. ஓடுகிறது. மோட்டாருக்குப் போகவேண்டிய துடிப்பு 10 மில்லிசெகண்ட் தாமதமானால், அதற்குள் மரம் 3.6 மி.மீ. ஓடிவிடும். மரம் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காது.

இதைச் சரிசெய்யும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். லினக்ஸ் கொஞ்சம் பழகியிருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும்

ரியல்-டைம் என்றால் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். எவ்வளவு பலம் சேர்கிறதோ அவ்வளவு நல்லது. ஒருவர் கை தளர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சக்கரத்தில் சறுக்குக்கட்டை கொடுப்பவர் நிலை வேறு. கட்டை எவ்வளவு வேகமாக வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். சரியான கணத்தில் வந்ததா என்பதுதான் கேள்வி. நூறு முறை சரியாகப் போட்டு ஒரு முறை பிந்தினாலும் தேர் தடம் மாறிவிடும்.

சாதாரண இயங்குதளம் வடம் பிடிப்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. மொத்தத்தில் எத்தனை வேலை முடிகிறது, சராசரி எப்படி என்று பார்க்கும். ரியல்-டைம் அமைப்பு கெடுவை மட்டும் பார்க்கும். மிக மோசமான ஒரு தடவையில் எவ்வளவு பிந்தியது என்பதே அதன் அளவுகோல். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் எப்படி வைப்பது?

1990களில் ஆர்டிலினக்ஸ் ஒரு வழி காட்டியது. அடியில் ஒரு சின்ன ரியல்-டைம் கர்னல் (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி); அதன் மேல் முழு லினக்ஸும் எல்லாவற்றிலும் கடைசி முன்னுரிமை கொண்ட ஒரு வேலையாக ஓடும். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் ரியல்-டைம் நிரலை லினக்ஸின் வழக்கமான வசதிகளுக்கு வெளியே நின்று எழுத வேண்டியிருந்தது. இன்னொரு வழி, லினக்ஸ் கர்னலையே திருத்துவது. அதுதான் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி. தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் உள்ளிட்டோர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இதற்கு உழைத்தார்கள். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12இல் இது மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இந்த வழி: நீங்கள் எழுதுவது சாதாரண லினக்ஸ் நிரல், பக்கத்திலேயே பாட்டும் ஓடும்.

உள்ளே என்ன மாறுகிறது? சாதாரணக் கர்னல் ஒரு ஸ்பின்லாக்கைப் (மற்றவர்களைத் தூங்கவிடாமல் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டிருக்கும்போதோ, டிஸ்க்கின் இன்டரப்டைக் (‘என்னைக் கவனி’ என்று வன்பொருள் அனுப்பும் குறுக்கீடு) கவனிக்கும்போதோ, எவ்வளவு அவசரமான நிரலும் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆர்டி கர்னலில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் தூங்கக்கூடிய பூட்டுகளாகின்றன. இன்டரப்ட் வேலைகள் தனித்தனித் திரெட்களாகின்றன, அதாவது நிறுத்தித் தொடரக்கூடிய தனி வேலைகளாகின்றன. எனவே அவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டு அவசர வேலை உள்ளே நுழையலாம். இதனால் மொத்த வேலைத்திறன் கொஞ்சம் குறையும். ஃபைல் சர்வருக்கு இதைப் போடாதீர்கள்.

படி 1: இப்போதைய நிலையை அளப்பது

கர்னலை மாற்றும் முன்பே அளந்துவிடுங்கள். டெபியன் வகை லினக்ஸில் ‘ஆர்டி-டெஸ்ட்ஸ்’ பேக்கேஜை நிறுவினால் ‘சைக்ளிக்டெஸ்ட்’ கிடைக்கும். குறித்த நேரத்துக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கும், எழுந்ததும் எவ்வளவு பிந்தியது என்று குறிக்கும், மறுபடி தூங்கும். எம்லாக்ஆல் (மெமரியைப் பூட்டுவது), எஸ்எம்பி (எல்லாக் கோர்களிலும் அளப்பது), பிரையாரிட்டி 80 (முன்னுரிமை) ஆகிய விருப்பங்களோடு நிர்வாகி உரிமையில் ஓட்டுங்கள்.

வெறும் கம்ப்யூட்டரில் அளந்து மகிழ்ந்துவிட வேண்டாம். பாட்டு போடுங்கள், பெரிய ஃபைலை நகலெடுங்கள், ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’யால் எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுங்கள். அப்புறம் திரையில் ‘மேக்ஸ்’ என்ற எண்ணை மட்டும் பாருங்கள். மைக்ரோசெகண்டில் இருக்கும். பக்கத்திலுள்ள ‘ஆவ்ரேஜ்’ நமக்கு உதவாது.

படி 2: ஆர்டி கர்னல்

பேக்கேஜ்களை நிறுவ உதவும் சினாப்டிக்கில் ‘லினக்ஸ் இமேஜ் ஆர்டி’ என்று தேடி உங்கள் பிராசஸருக்கு உரியதை நிறுவுங்கள். ரீபூட் செய்து, டெர்மினலில் ‘யூநேம்’ கட்டளையை ‘ஏ’ விருப்பத்தோடு கொடுங்கள். வரும் வரியில் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்று இருந்தால் சரி.

படி 3: மறுபடி அளப்பது

அதே சுமை, அதே சைக்ளிக்டெஸ்ட். இந்த முறை இரவு முழுக்க ஓடட்டும். நல்ல டெஸ்க்டாப்பில் மேக்ஸ் 100 மைக்ரோசெகண்டுக்குள் நிற்கும். அண்ணாச்சியின் குடத்தில் 100 மைக்ரோசெகண்ட் என்றால் 0.036 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிய விலகல்.

எண் இறங்கவில்லையென்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) போங்கள். மின்சேமிப்பு நிலைகளை நிறுத்துங்கள். சில மதர்போர்டுகள் இயங்குதளத்துக்கே தெரியாமல் பிராசஸரைச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். எந்தக் கர்னலாலும் இதைத் தடுக்க முடியாது. ஆர்டி-டெஸ்ட்ஸிலேயே உள்ள ‘எச்டபிள்யூலேட்டிடெக்ட்’ அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படியொரு போர்டு வாய்த்தால் வேறு கம்ப்யூட்டரைத் தேடுங்கள்; அதோடு மல்லுக்கட்டி நாள்களை வீணாக்க வேண்டாம்.

படி 4: நிரலைத் திருத்துவது

பலரும் கோட்டைவிடும் இடம் இது. கர்னல் வழிவிட்டாலும் உங்கள் நிரல் கேட்டால்தான் வழி கிடைக்கும்.

நிரலை ‘ஸ்கெட் ஃபைஃபோ’ என்ற ரியல்-டைம் வகையில் ஓட்டுங்கள். முன்னுரிமை 1 முதல் 99 வரை, 80 போதும். 99 கர்னலின் சொந்த அவசர வேலைகளுக்கு இருக்கட்டும். ‘எம்லாக்ஆல்’ அழைத்து மெமரியைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தேவையான மெமரிப் பக்கம் டிஸ்க்கிலிருந்து வரும்வரை துடிப்பு நிற்கும். சுழலும் லூப்புக்குள் மெமரி கேட்காதீர்கள், ஃபைலில் எழுதாதீர்கள், திரையில் அச்சிடாதீர்கள்.

நான் முதலில் செய்த தவறு தூங்கும் முறையில். ‘1 மில்லிசெகண்ட் தூங்கு’ என்று எழுதியிருந்தேன். லூப்பின் வேலைக்கு ஆகும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் அதோடு சேர்ந்துகொண்டே போகும். ‘இந்த மணிக்கு எழுப்பு’ என்று எழுதவேண்டும்: ‘கிளாக் நானோஸ்லீப்’, அதில் முழு நேரத்தைக் குறிக்கும் ‘டைமர் ஆப்ஸ்டைம்’. அடுத்த எழும் நேரத்தோடு 1 மில்லிசெகண்டைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை சேராது.

நிரலில் பல திரெட்கள் ஒரே பூட்டைப் பகிர்ந்தால் இன்னொரு சிக்கல். பட்டறையில் இருப்பது ஒரே உளி. கற்றுக்குட்டிப் பையன் கையில் இருக்கிறது. ஆசாரி அதற்காகக் காத்திருக்கிறார். நடுவில் ஒருவர் வந்து பையனை வேறு வேலைக்கு இழுத்துப்போனால் ஆசாரி நாள் முழுக்க நிற்பார். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான். உளியைத் திருப்பித் தரும்வரை பையனுக்கு ஆசாரியின் அந்தஸ்தைக் கொடுத்துவிட்டால் யாரும் அவனை இழுக்க முடியாது. அந்த ஏற்பாட்டைப் பூமியிலிருந்து இயக்கிவிட்டுத்தான் பாத்ஃபைண்டரைச் சரிசெய்தார்கள். உங்கள் மியூடெக்ஸிலும் (திரெட்கள் பகிரும் பூட்டு) ‘ப்ரியோ இன்ஹெரிட்’ என்ற தன்மையை மறக்காமல் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஃபைஃபோ நிரல் தூங்காமல் சுற்றினால் அந்தக் கோர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வினாடிக்கு 50 மில்லிசெகண்டைச் சாதாரண வேலைகளுக்கு ஒதுக்கி வைத்து லினக்ஸ் உங்களைக் காப்பாற்றும். அந்தக் காப்பை அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைத் தொடக்கத்தில் கேட்காதீர்கள்.

படி 5: மரத்தில் பார்ப்பது

கழிவுக் கட்டையைப் பூட்டி, பாட்டைப் போட்டு, பென்டிரைவிலும் ஏற்றிக்கொண்டே கோடு இழுங்கள். கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் 3ஆம் படியை மறுபடி செய்யுங்கள். அண்ணாச்சி பட்டறைச் சுவரில், மின்மீட்டருக்குக் கீழே, கடைசியாக அளந்த மேக்ஸ் எண்ணைச் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன். அதைவிடக் கூடினால் கோடு கோணும்வரை காத்திருக்காமல் உடனே போன் போடச் சொல்லியிருக்கிறேன்.