செல்லூர் தறிச் சத்தத்துல ஒரு ஹிப்ஹாப் பீட்: முதல்முதலா சாம்பிளிங் பண்றவங்களுக்கு

பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் கேட்டான், அண்ணே சாம்பிளிங்னா அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டுறதுதானேன்னு. வெட்டி ஒட்டுறதுதான்டா, ஆனா எதை வெட்டுறோம், எந்த இடத்துல வெட்டுறோம், அதை எங்க கொண்டுபோய் வைக்கிறோம், அதுலதான் மொத்த வித்தையும் இருக்குன்னு சொன்னேன். அவனுக்கு ரெண்டு சாயங்காலம் உக்கார்ந்து காட்டிக்குடுத்ததைத்தான் இங்க எழுதுறேன். ஒரு போன், ஒரு பழைய லேப்டாப், ஒரு ஹெட்போன் போதும். சாஃப்ட்வேர் ஆடாசிட்டி, காசு கிடையாது.

முதல் வேலை: காது

சாஃப்ட்வேரை இப்ப திறக்காதீங்க. தளபதி படத்துல, 1991 தீபாவளிக்கு வந்ததுல்ல, அதுல இளையராஜா போட்ட காட்டுக்குயிலு பாட்டை ஒரு தடவை முழுசா கேளுங்க. மதுரைப்பக்கம் அந்தப் பாட்டைக் கேக்காம வளந்தவங்க யாரும் இருக்க மாட்டாங்க, இருந்தாலும் இப்ப ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அடுத்து எம்.ஐ.ஏ.ங்கிற ராப் பாடகி 2007ல போட்ட கலா ஆல்பத்துல முதல் பாட்டு, பாம்பூ பாங்கா, அதைக் கேளுங்க. அவங்க நிஜப்பேரு மாதங்கி அருள்பிரகாசம், லண்டன்ல பொறந்த ஈழத்தமிழ்ப் பொண்ணு, நம்ம காட்டுக்குயிலுல ஒரு துண்டை எடுத்து உள்ள ஓடவிட்டிருக்கு. பாட்டு வேற, வேகம் வேற, சொல்ற விஷயம் வேற, ஆனா அந்தத் துண்டு வர்ற இடத்துல நமக்கு உடம்பு சிலிர்க்குது பாருங்க, எனக்கு முதல்தடவை கேட்டப்ப நடு ராத்திரி எந்திரிச்சு உக்கார்ந்துட்டேன்.

மூணு தடவை கேளுங்க. முதல் தடவை தொடையில தாளம் போடுங்க, ரெண்டாவது தடவை மேளச் சத்தத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க, மூணாவது தடவை எந்த விநாடியில எது திரும்பி வருதுன்னு பேப்பர்ல குறிங்க. திரும்பி வர்றதுதான் லூப். இந்த வேலையைத் தாண்டிக் குதிச்சவங்க பீட்டு எதுவும் எனக்குப் பிடிச்சதில்ல.

ஹிப்ஹாப்ல இந்த வேலை ஆரம்பிச்ச கதை ரொம்ப எளிமையானது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ்ல செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் கட்டடத்துல ஒரு பார்ட்டி, கூல் ஹெர்க்ங்கிற டிஜே பாட்டு போடுறாரு. பாட்டுல மத்த வாத்தியம் எல்லாம் ஓஞ்சு டிரம் மட்டும் வர்ற இடம் இருக்கும்ல, அங்கதான் கூட்டம் ஆடும்னு அவரு கவனிச்சு வச்சிருந்தாரு. அந்த இடம் சில விநாடிதான், அதனால ஒரே ரெக்கார்டை ரெண்டு காப்பி வச்சு, ஒண்ணு முடியும்போது இன்னொண்ணுல அதே இடத்தை ஓடவிட்டு நீட்டுனாரு. அந்த இடத்துக்குப் பேரு பிரேக். நாம மவுஸ்ல பண்ணப்போறதும் அதே வேலைதான்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது

இதுல நான் அடிபட்டிருக்கேன். பழைய சினிமாப் பாட்டு ஒண்ணுல வயலின் துண்டு எடுத்து பீட் போட்டு நெட்ல ஏத்துனேன், நாலே நாள்ல தூக்கிட்டாங்க, ரெண்டு மாச உழைப்பு. 4 விநாடிக்குக் கம்மியா எடுத்தா கேஸ் வராதுன்னு சொல்றாங்கல்ல, அப்படி ஒரு சட்டமே கிடையாது. நம்ம நாட்டுல ஒலிப்பதிவுக்கு காப்பிரைட் வெளிவந்ததுக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம், பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் அதை எழுதுனவரு போனதுக்கப்புறம் இன்னொரு 60 வருஷம். அதனால ரெக்கார்டு பழசுன்னா மெட்டும் பழசுன்னு நினைச்சிராதீங்க. அமெரிக்காவுல 1991ல, கேக்காம சாம்பிள் எடுத்த பிஸ் மார்க்கிங்கிற ராப்பர் மேல வந்த தீர்ப்புக்கப்புறம் கேட்டு வாங்காம சாம்பிள் எடுக்கப் பெரிய கம்பெனிங்களே பயந்துபோனாங்க. வீட்டுல பழகிப்பாக்க எதை வேணும்னாலும் வெட்டுங்க, வெளிய விடணும்னா கேட்டு வாங்குங்க, இல்ல சொந்தமா ரெக்கார்டு பண்ணுங்க.

இன்னொரு விஷயமும் மனசுல இருக்கட்டும். 1969ல வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு ஆமென் பிரதர்னு ஒரு பாட்டு போட்டாங்க, அதுல கிரிகரி கோல்மன் அடிச்ச 4 பார் டிரம் (4 அடி சேர்ந்தா ஒரு பார்), ஏழு விநாடி பக்கம்தான் இருக்கும், ஆயிரக்கணக்கான பாட்டுல ஓடுது. அந்த மனுசன் 2006ல செத்துப்போறவரைக்கும் அதுக்காக ராயல்டின்னு ஒரு காசு வாங்கலை. இதை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு. அதனால யாரு சத்தத்தை எடுத்தாலும் அவங்ககிட்ட கேளுங்க, பேரைப் போடுங்க, காசு வந்தா பங்கு குடுங்க.

ரெக்கார்டிங்

மதுரைன்னா எல்லாரும் கொத்துப்பரோட்டா சத்தத்தைத்தான் எடுக்குறாங்க. நல்லாத்தான் இருக்கும், ஆனா நிறைய பேரு எடுத்துட்டாங்க. எங்க மாமா செல்லூர்ல கைத்தறி ஓட்டுறாரு, சின்ன வயசுல அந்தச் சத்தத்துலதான் தூங்குவேன். தறியில மூணு சத்தம் இருக்கு. கால் மிதியை அழுத்துறது, கயித்தை இழுத்ததும் நாடா, அதான் நூல் கண்டை வச்சுக்கிட்டு குறுக்க ஓடுற மரக்கட்டை, சர்ருன்னு அங்கிட்டு ஓடி பெட்டியில முட்டுறது, அப்புறம் நூலை நெருக்குற சீப்பு மாதிரி இருக்குற அச்சை இழுத்து அடிக்கிறது. உங்க வீட்டுப்பக்கம் பட்டறையோ மாவு மில்லோ இருந்தா அதை எடுங்க, ஒரே சீரா திரும்பத்திரும்ப வர்ற எதுவும் சரிதான்.

போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க. ஃபேனை நிறுத்துங்க. தரையில அப்படியே வைக்காம மடிச்ச துண்டு மேல வைங்க, தறி அதிர்றது தரை வழியா வந்து கும்முன்னு கெடுத்துரும். ரெண்டடி தள்ளி வச்சா போதும். ரெக்கார்டிங் ஆப்ல வேவ் (WAV) ஃபார்மேட், அதாவது சத்தத்தைச் சுருக்காம சேமிக்கிறது, இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது, மீட்டர்ல -6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) பக்கத்துல நின்னா நல்லது, சத்தம் கம்மியா இருந்தா பின்னாடி ஏத்திக்கலாம், உடைஞ்ச சத்தத்தை ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் அஞ்சு நிமிஷமாவது விடாம ஓடவிடுங்க. நாம பாக்குறோம்னு தெரிஞ்சா மாமா முதல்ல வேகமா ஓட்டுவாரு, ரெண்டு நிமிஷம் கழிச்சு நம்மளை மறந்துட்டு தன் போக்குக்கு வருவாரு, நமக்கு வேண்டியது அந்தப் போக்குதான்.

வெட்டுறது

ஃபைலை ஆடாசிட்டியில போட்டதும் வேவ்ஃபார்ம்ல, அதாவது சத்தத்தோட அலைப் படத்துல, குத்துக்குத்தா நிக்கும். நல்லா பெருசாக்கிப் பாத்துக் கேட்டப்பதான் ஒண்ணு பிடிபட்டுச்சு, நாடா வலது பெட்டியில முட்டுனா டொக்குன்னு கனமா வருது, இடதுல முட்டுனா டக்குன்னு வறட்டுச் சத்தம். இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தெரியலை. டிரம் செட்ல கால்ல அடிக்கிற பெரிய டிரம்முக்கு கிக்னு பேரு, குச்சியில அடிக்கிற சின்ன டிரம் ஸ்னேர், ஜோடித் தட்டு ஹாய்ஹாட். டொக் நம்ம கிக், டக் நம்ம ஸ்னேர், நடுவுல ஓடுற சர் நம்ம ஹாய்ஹாட்.

வெட்டும்போது குத்து ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி செலக்ட் பண்ணி இஜட் கீயை அமுக்குங்க, அலை பூஜ்யத்தைத் தொடுற இடத்துக்கு செலக்‌ஷன் தானா நகர்ந்துரும். இதைப் பண்ணலேன்னா ஒவ்வொரு தடவையும் டிக் டிக்னு ஒரு அசிங்கமான சத்தம் ஒட்டிக்கிட்டு வரும். கடைசியில கொஞ்சம் ஃபேட் அவுட், சத்தம் மெதுவா அடங்குற மாதிரி. மூணு சத்தத்தையும் தனித்தனி ஃபைலா சேவ் பண்ணிருங்க.

கணக்கு

பயப்படாதீங்க, ஒரே கணக்குதான். 4 அடி சேர்ந்தது ஒரு பார். ஒரு பார் எத்தனை விநாடின்னு அளந்து 240ஐ அதால வகுத்தா பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கிறது, வந்துரும். மாமா தறியில 4 அடிக்கு 2.58 விநாடி ஆச்சு, 240 வகுத்தல் 2.58, அதாவது 93. பழைய பூம் பேப் ஸ்டைல் ஹிப்ஹாப் ஓடுற வேகமே கிட்டத்தட்ட அதுதான், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. 2.58க்குப் பதிலா 2.61ல வெட்டிட்டீங்கன்னு வைங்க, ஒரு தடவைக்குத் தெரியாது, 16 தடவை ஓடுனா அரை விநாடி நகர்ந்து ராப் பண்றவன் தடுமாறுவான்.

அடுக்குறது

ஜெனரேட் மெனுவுல ரிதம் ட்ராக்னு இருக்கும், 93 போட்டு ஒரு கிளிக் ட்ராக் உருவாக்குங்க. கிக்குக்கு ஒரு ட்ராக், ஸ்னேருக்கு ஒண்ணு, சர்ருக்கு ஒண்ணு. ஒரு பார்ல கிக் 0 விநாடியிலயும் 1.29லயும், ஸ்னேர் 0.645லயும் 1.935லயும். இன்னொரு கிக் 1.61ல வச்சுப் பாருங்க, உடனே நடை வந்துரும். கிக்கை சேஞ்ச் பிட்ச்ல 12 செமிடோன் (ஒரு ஸ்தாயி) இறக்குனா மரம் முட்டுற சத்தம் வயித்துல இடிக்கிற மாதிரி ஆயிரும். சர்ரை மட்டும் இந்த விநாடிக் கணக்குக்குள்ள அடைக்காதீங்க. மாமா கை வலதுல இருந்து இடதுக்கு வரும்போது ஒரு இம்மி லேட்டாகுது, அந்த லேட்டுதான் ஸ்விங், 80கள்ல டிரம் மெஷின்ல அதைக் கொண்டுவர தனியா ஒரு வசதியே வச்சாங்க, நமக்குத் தறியே குடுக்குது.

சரியா வந்துச்சுன்னா 8 பாருக்கு ரிபீட் போடுங்க.

பழைய ஹிப்ஹாப்ல வர்ற அந்தக் கரகரப்பு வேணுமா? 1987ல வந்த எஸ்பி 1200ங்கிற சாம்பிளிங் மெஷின்ல மொத்தமே 10 விநாடிதான் சாம்பிள் ஏறும். அதனால நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்த வேண்டிய ரெக்கார்டை 45 சுத்து வேகத்துல ஓடவிட்டு ஏத்தி, உள்ள போய் வேகத்தை இறக்குவாங்க, 10 விநாடியில 13 விநாடிக்கு மேல அடங்கிரும், கூடவே சத்தமும் கொஞ்சம் சிதைஞ்சு அழகாயிரும். நாமளும் வேகத்தை 1.35 மடங்கு ஏத்தி, சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குதுங்கிறதை) கம்மியா வச்சு எக்ஸ்போர்ட் பண்ணி, திரும்பக் கொண்டுவந்து 0.741 மடங்காக்குனா அதுக்குப் பக்கத்துல போயிரலாம்.

கடைசியா ஒண்ணு, வெட்டுனதுக்கப்புறம் ஒரிஜினல் ஃபைலை அழிச்சிராதீங்க, தேதி போட்டுத் தனி ஃபோல்டர்ல வைங்க. என் ரெக்கார்டிங்ல மூணாவது நிமிஷம் இழை அறுந்து தறி நிக்குது, மாமா "இருப்பா, இழை போயிருச்சு"ங்கிறாரு. வேண்டாததுன்னு தள்ளப் பாத்தேன், அப்புறம் அதை 8வது பார் முடியுற இடத்துல வச்சு, ஒரு பார் முழுக்க மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டேன். "இருப்பா"ன்னு குரல், அமைதி, திரும்பவும் டொக். மாமாகிட்ட ஹெட்போனைக் குடுத்தேன். முழுசா கேட்டுட்டு, "இடது பெட்டியில வார் தேஞ்சிருக்குடா, அதான் வறட்டுச் சத்தம்"னு சொல்லிட்டு மறுநாளே மாத்திட்டாரு. இப்பப் போய் ரெக்கார்டு பண்ணுனா ரெண்டு பக்கமும் டொக்குதான், அந்த டக் அந்த ஃபோல்டர்ல மட்டும்தான் இருக்கு.