டாக்சோரூபிசினை லிப்போசோமுக்குள் ஏற்றும் முறை: அம்மோனியம் சல்பேட் வழி

டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரிலேயே 100 நானோமீட்டர் லிப்போசோம்களை, அதாவது கொழுப்புச் (லிப்பிட்) சவ்வாலான நுண்குமிழிகளைச் செய்தால், பத்தில் ஒரு பங்கு மருந்துகூட உள்ளே தங்காது. அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் அம்மோனியம் சல்பேட்டை உள்ளே அடைத்த வெற்று லிப்போசோம், பிறகு வெளியில் இருக்கும் அம்மோனியத்தை நீக்குவது, கடைசியில்தான் மருந்து. ஜெருசலேமில் பாரன்ஹோல்ட்ஸ் குழு வகுத்த வழி இது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘டாக்சில்’ (Doxil) என்ற லிப்போசோம் மருந்தில் இப்படித்தான் மருந்தேற்றப்படுகிறது. சன் ஃபார்மா 2013-இல் அதே மருந்தின் ஜெனரிக்குக்கு அங்கே அனுமதி பெற்றது.

உள்ளே இருக்கும் அம்மோனியத்திலிருந்து அம்மோனியா பிரிந்து சவ்வு வழியாக வெளியேறுகிறது. புரோட்டான் உள்ளேயே நின்றுவிடுகிறது. மின்னூட்டமில்லாத டாக்சோரூபிசின் சவ்வைக் கடந்து உள்ளே வந்ததும் அந்தப் புரோட்டானை ஏற்று, சல்பேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்துவிடும். திரும்பிப் போக வழியில்லை. வெளியே அம்மோனியம் மிச்சமிருந்தால் இந்த இழுப்பே இருக்காது. ஏற்றம் சரியாக வரவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வெளி அம்மோனியத்தை நீக்கும் டயாலிசிஸ் பற்றித்தான், மருந்தைப் பற்றி அல்ல.

வெற்று லிப்போசோம்

5 மி.லி.க்கு வேண்டியவை: ஹைட்ரஜனேற்றிய சோயா பாஸ்ஃபடிடைல்கோலின் 60 மி.கி., கொலஸ்ட்ரால் 20 மி.கி., பெக்-2000 இணைத்த டிஎஸ்பிஇ 20 மி.கி. மோல் கணக்கில் ஏறத்தாழ 56:38:5. உள்ளே அடைக்க 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட் (100 மி.லி.க்கு 3.30 கிராம்). வெளிக்கரைசல் 10 விழுக்காடு சர்க்கரையும் (சுக்ரோஸ்) 10 மில்லிமோலார் ஹிஸ்டிடினும் சேர்ந்தது, பிஎச் 6.5.

மூன்று லிப்பிடுகளையும் 100 மி.லி. உருண்டைக் குடுவையில் குளோரோஃபார்ம்-மெத்தனால் (2:1) கலவையில் கரையுங்கள். குளோரோஃபார்மைப் பிளாஸ்டிக் முனையால் எடுக்கக் கூடாது. பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வருவது லிப்பிடோடு கலந்துவிடும். கண்ணாடி ஊசி போதும். ரோட்டரி எவாப்பரேட்டரில் 45 டிகிரியில் வெற்றிடத்தை மெதுவாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் கரைப்பான் கொதித்துச் சிதறும், படலம் திட்டுத்திட்டாகப் படியும். மீந்த கரைப்பான் போக இரவு முழுக்க உயர் வெற்றிடத்தில் வையுங்கள்.

மறுநாள் 65 டிகிரிக்குச் சூடாக்கிய அம்மோனியம் சல்பேட் 5 மி.லி. ஊற்றி, சில கண்ணாடி மணிகளும் போட்டு, அதே சூட்டில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள் (வெற்றிடம் வேண்டாம்). இந்த லிப்பிட் 50 டிகிரிக்குச் சற்று மேலேதான் இளகும். ஆறிய கரைசலை ஊற்றினால் கட்டி கட்டியாக மிதக்கும். அதை எத்தனை நேரம் சுழற்றினாலும் சரியாகாது.

அடுத்து எக்ஸ்ட்ரூடர், அதாவது கரைசலை நுண்துளைச் சவ்வு வழியே தள்ளும் கருவி. அதன் சூட்டுக்கட்டையை 65 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே வையுங்கள். 400 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வில் 5 முறை, 200-இல் 5 முறை, 100-இல் 11 முறை. ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு: கரைசல் கடைசியில் எதிர்ப்பக்க ஊசியில் முடியும், வடிபடாத கசடு தொடங்கிய ஊசியிலேயே தங்கிவிடும். பால் நிறம் மாறி, வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து மினுமினுத்தால் சரி. தள்ளவே முடியாதபடி கை வலித்தால் சூடு போதவில்லை. திடீரென்று சுலபமாகப் போனால் சவ்வு கிழிந்துவிட்டது. புதிது மாட்டி முதலிலிருந்து தள்ளுங்கள்.

அம்மோனியத்தை நீக்குவது

12–14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் கட்டி, ஒரு லிட்டர் வெளிக்கரைசலில் 4 டிகிரியில் கலக்குங்கள். 24 மணி நேரத்தில் நான்கு முறை மாற்ற வேண்டும். கடைசியாக எடுத்த வெளிநீரில் சில துளி பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெண்மேகம் கிளம்பினால் சல்பேட் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, இன்னொரு முறை மாற்றுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து பைசா செலவில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. வெளிக்கரைசலாகப் பிபிஎஸ் (ஃபாஸ்ஃபேட் கலந்த உப்புக்கரைசல்) எடுத்திருந்தால் சோதனை செல்லாது, ஏனென்றால் ஃபாஸ்ஃபேட்டும் பேரியத்தோடு வெளுக்கும். பிபிஎஸ்ஸை விலக்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்றிருக்கிறது: அடர்த்தியான டாக்சோரூபிசின் அதில் திரிந்து படிந்துவிடும்.

நேரம் இல்லையென்றால் ஸெஃபடெக்ஸ் ஜி-25 நிரப்பிய ஆயத்தக் குழாயில் 2.5 மி.லி. ஊற்றி 3.5 மி.லி. வடித்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும் மருந்தை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். வெளியே அம்மோனியம் இல்லாத நொடியிலிருந்து உள்ளே இருப்பது மெல்லக் கசியத் தொடங்கும்.

மருந்து

இந்தக் கட்டத்தில் கையில் இருக்கும் லிப்பிட் 100 மி.கி. அல்ல. சவ்விலும் பையிலும் கொஞ்சம் போயிருக்கும். ஃபாஸ்ஃபரஸ் அளந்து உண்மை அளவைக் கண்டுபிடித்து, 8 பங்கு லிப்பிடுக்கு 1 பங்கு மருந்து என்று எடையில் கணக்கிடுங்கள்.

டாக்சோரூபிசின் ஹைட்ரோகுளோரைடைச் சர்க்கரைக் கரைசலில் மி.லி.க்கு 5 மி.கி. வரும்படி கரையுங்கள். இரண்டையும் தனித்தனியே 60 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே கலக்க வேண்டும். லேசாக ஆட்டியபடி ஒரு மணி நேரம் வைத்து, உடனே பனிக்கட்டியில் இறக்குங்கள். பக்கத்திலேயே இன்னொரு குப்பியும் ஓடட்டும்: உள்ளேயும் வெளியேயும் சர்க்கரைக் கரைசலே இருக்கும் லிப்போசோம். அதிலும் மருந்து ஏறியதாகக் காட்டினால் தவறு உங்கள் அளவீட்டில்தான்.

இந்த மருந்து தோலைப் புண்ணாக்கும், மரபணுவைச் சிதைக்கும். இரட்டைக் கையுறையோடு பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஏறியதா என்று பார்ப்பது

ஸெஃபடெக்ஸ் ஜி-50 குழாயில் விட்டால் லிப்போசோம் சிவப்புப் பட்டையாக முன்னே வரும். தனி மருந்து பின்தங்கும். குழாய்க்கு முன்னும் பின்னும் மருந்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். லிப்பிடும் குழாயில் தொலைகிறது, கரைசலும் நீர்த்துப்போகிறது. மருந்து-லிப்பிட் விகிதத்தை முன்னும் பின்னும் எடுத்து வகுப்பதுதான் ஏற்ற விழுக்காடு. 90-க்குக் கீழே வந்தால் டயாலிசிஸுக்குத் திரும்புங்கள்.

மருந்தை அளக்க, அமிலம் சேர்த்த ஐசோபுரொப்பனாலில் (90 விழுக்காடு, 75 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்) லிப்போசோமை உடைத்து 480 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். உடைக்காமல் ஒளிர்வை அளந்தால் உள்ளே நெருங்கிக் கிடக்கும் மருந்து ஒளிராது. அளவு குறைவாகக் காட்டும். ட்ரைட்டான் கொண்டு உடைப்பதானால் சூடாக்கியாக வேண்டும், இந்த விறைத்த சவ்வு குளிரில் முழுசாகக் கரையாது.

பருமன் 80 முதல் 100 நானோமீட்டர், பரவல் எண் (பருமன் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு, PDI) 0.1-க்குள் இருந்தால் நல்ல தொகுதி. ஒளிச்சிதறல் கருவியில் தண்ணீரின் பாகுத்தன்மையை அப்படியே விட்டுவிட்டு, மாதிரியைச் சர்க்கரைக் கரைசலில் வைத்தால் பருமன் கூடுதலாகக் காட்டும். 10 விழுக்காடு சர்க்கரைக்கான மதிப்பை உள்ளிடுங்கள்.

குப்பியை 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள்; உறைய விடக் கூடாது.

செல் தட்டில் சோதிக்கும்போது ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். எம்சிஎஃப்-7 போன்ற புற்றுநோய்ச் செல்களைக் கொல்ல, தனி மருந்தைவிட இந்த லிப்போசோம் பல மடங்கு கூடுதலாகத் தேவைப்படும். மருந்து மெதுவாக வெளிவருவதால் அப்படி. தொகுதி கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, கட்டியின் ஓட்டை விழுந்த இரத்தக்குழாய்கள் வழியே கசிந்து சேர்வதற்காகச் செய்த பொருள் இது. தட்டில் இரத்த ஓட்டம் ஏது? 72 மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். வெற்று லிப்போசோம் தனியே செல்லைக் கொல்கிறதா என்பதையும் அதே தட்டில் வையுங்கள். கரைப்பான் சரியாகப் போகாத படலம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.