கேஸ் உருளைக்கு முன்னால் வெப்பமானி: குளிர்சாதனத் தொழிலைக் கற்பிக்கும் முறை

தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் சேரும் மாணவர்களில் பலர், குழாய்களைச் சூடாக்கி இணைக்கும் பிரேசிங் டார்ச்சைப் பிடிப்பதும் கேஸ் நிரப்புவதும்தான் இந்தத் தொழில் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அந்த எண்ணத்தைத் தொடக்கத்திலேயே மாற்றாவிட்டால், எந்த ஏசி குளிராவிட்டாலும் “கேஸ் கம்மியா இருக்கு சார்” என்று சொல்லும் மெக்கானிக்குகளைத்தான் நாம் உருவாக்கி அனுப்புவோம். ஆகவே மாணவர் கையில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு கேஜுக்கு முன் வெப்பமானியைக் கொடுக்க வேண்டும்.

முதல் பாடத்துக்கு மானாமதுரை மண்பானை ஒன்றும் எவர்சில்வர் குடம் ஒன்றும் போதும். இரண்டிலும் முதல் நாள் மாலையே ஒரே குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பட்டறை வராந்தாவின் நிழலில் வைத்து, மறுநாள் நண்பகலில் வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்திரி சுற்றுங்கள். சித்திரை மாதத்து வறண்ட காற்றில் அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகவும் ஐப்பசி மழை நாளில் மிகச் சிறிதாகவும் இருப்பதைப் பார்க்கும் மாணவர், ஆவியாகும் நீர்தான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதைத் தானே சொல்லிவிடுவார். ‘ஒரு டன் ஏசி’ என்பது அதன் எடையா என்ற கேள்வி எப்படியும் வரும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும் என்பதைக் கொடுத்து, ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வேகம் எத்தனை கிலோவாட் என்று அவர்களையே கணக்கிட வையுங்கள், ஏறத்தாழ 3.5 என்ற விடை வரும்.

அடுத்தது அழுத்தமும் வெப்பநிலையும் இணைபிரியாதவை என்ற பாடம். இதற்கு அவசரப்படக் கூடாது. நிழலில் வெகுநேரம் கிடந்த ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸின் உருளைகள் இரண்டை, ஒன்று நிறைந்ததும் மற்றொன்று பாதி தீர்ந்ததுமாக எடுத்து, இரண்டிலும் கேஜை மாட்டிக் காட்டுங்கள். பட்டறையின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ் என்றால் இரண்டு முள்ளும் 168 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அருகிலேயே நிற்கும். திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் அளவைச் சொல்லாது, வெப்பநிலையைத்தான் சொல்லும் என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பிறகு அழுத்தத்துக்குரிய கொதிநிலையைக் காட்டும் அட்டவணையைக் கொடுத்தால், 68 பிஎஸ்ஐயில் ஆர்-22 நான்கரை டிகிரி அளவில் கொதிப்பதும், ஆர்-32 என்ற மற்றொரு கேஸ் அதே வெப்பநிலைக்கு 120 பிஎஸ்ஐ அளவு கேட்பதும் மனப்பாடம் செய்யாமலே புரியும்.

இனிப் பழுது கண்டறியும் பயிற்சி. இன்வெர்ட்டர் இல்லாத, ஆர்-22 கேஸில் ஓடும் பழைய ஸ்பிளிட் ஏசி ஒன்றை ஒதுக்குங்கள். இன்வெர்ட்டரில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் தொடக்க நிலை மாணவருக்குக் குழப்பமே மிஞ்சும். மாணவர் வருமுன் உள்யூனிட்டின் ஃபில்டரை அட்டையால் பெரும்பகுதி மூடி வையுங்கள். சக்‌ஷன் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம்) அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு இறங்கியதும் எல்லோரும் உருளையைத் தேடுவார்கள். தடுத்து நிறுத்தி, சக்‌ஷன் குழாயின் வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். அட்டவணைப்படி 50 பிஎஸ்ஐ என்பது மைனஸ் 3 டிகிரி. குழாயும் மைனஸ் 1 காட்டினால் சூப்பர்ஹீட் (கொதிநிலையைவிடக் குழாய் கூடுதலாகக் காட்டும் வெப்பம்) இரண்டே டிகிரி, அதாவது காயிலில் திரவம் ஆவியாகப் போதிய காற்று வரவில்லை. அதே 50 பிஎஸ்ஐயில் குழாய் 15 டிகிரி காட்டியிருந்தால் கேஸ் குறைவு என்று ஐயப்படலாம். அப்போதும் கசிவைத் தேடிய பிறகே உருளையைத் தொட வேண்டும். ஒரே அழுத்தத்துக்கு இரண்டு நோய்கள் என்பதை இந்த ஒரு பயிற்சி காட்டிவிடும்.

கம்ப்ரசர் முனைகளைக் கண்டறிவது எளிது: எந்த இரண்டு முனைகளுக்கு இடையே மின்தடை மிக அதிகமோ அவை ஸ்டார்ட், ரன்; எஞ்சியது காமன். கெபாசிட்டரை மின்னிறக்கம் செய்யாமல் தொடக் கூடாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத சில உண்டு. கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே. எண்ணெய் உள்ள குழாயில் ஆக்சிஜனை ஏற்றினால் வெடிக்கும். ஆர்-32வும் வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள ஆர்-600ஏயும் தீப்பற்றக்கூடியவை, காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு தேங்கும். கேஸை முழுவதும் வெளியேற்றி நைட்ரஜன் செலுத்திய பிறகே டார்ச் பற்ற வேண்டும். குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சும் வேக்கத்தை கேஜ் முள்ளை நம்பி முடிக்காமல், மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரில் 500க்குக் கீழே கொண்டுவந்து, பம்பை நிறுத்திய பின்னும் நிற்கிறதா என்று பார்க்கட்டும். கேஸைத் தராசில் எடைபோட்டே நிரப்பட்டும்.

பட்டறையில் தேறியவர்களை, உரிமையாளரின் அனுமதியோடு, மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஏதேனும் ஒரு விடுதியின் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நெருக்கிவைத்த அவுட்டோர் யூனிட்டுகளில் ஒன்று விடும் சூட்டை அடுத்தது இழுக்கும். தெருவில் உள்ள காற்றின் வெப்பநிலையையும் கண்டன்சருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையையும் தனித்தனியே குறித்து, அந்த வேறுபாடு ஹெட் அழுத்தத்தை (கண்டன்சர் பக்கத்து அழுத்தத்தை) எவ்வளவு உயர்த்தும் என்பதை அட்டவணை பார்த்து மதிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.