டர்பன் ஓவியர்களுக்கு: ஒரு காவடிச் சுவரொட்டியை முதல் அழைப்பிலிருந்து அச்சகம் வரை கொண்டுபோவது எப்படி

தனியாக ஓவியத் தொழில் தொடங்கும் தமிழருக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் வேலை பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்துதான் வரும். அது கோயில் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜனவரி-பிப்ரவரியில் தைப்பூசக் காவடி, ஏப்ரல்-மே வாக்கில் சித்ரா பருவக் காவடி, ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி. ஒவ்வொன்றுக்கும் சுவரொட்டி வேண்டும், அழைப்பிதழ் வேண்டும். அதனால் ஒரு ஏ3 காவடிச் சுவரொட்டியை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் இங்கே பார்ப்போம். புத்தக ஓவியம், உணவகப் பட்டியல், பள்ளி மலர் என்று எது வந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

படி 1: வேலை வருவதற்கு முன்பே வரைந்து வையுங்கள்

சொந்த ஸ்கெட்ச் நோட்டு பொழுதுபோக்கு அல்ல, சரக்கு அறை. இணையத்தில் தேடி எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் பழனியோ பத்துமலையோதான் வரும், டர்பன் வராது. ஓர் உதாரணம்: இங்கே பல வீடுகளிலும் கோயில்களிலும் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா என்ற மரத்தின் இலையைக் கட்டுகிறார்கள். வேப்பிலையில் ஒரே காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். சிரிங்காவில் காம்பு மறுபடியும் கிளை பிரிந்து, அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். பூ வேம்பில் வெள்ளை, சிரிங்காவில் இளம் ஊதா. தோரணத்தில் இதைச் சரியாக வரைந்தால் பார்ப்பவர்கள் "நம்ம கோயில்" என்று உடனே அடையாளம் காண்பார்கள்.

கருவி அதிகம் வேண்டாம். 150 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) தாள் உள்ள ஏ5 நோட்டு, ஒரு 2பி பென்சில், நீரில் கரையாத மை உள்ள 0.3 பேனா, தண்ணீர் அடைத்த ஒரு பிரஷ், ஆறு வண்ணம் உள்ள சிறு பெட்டி. வாரம் மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஆட்களை முப்பது முப்பது விநாடியில் வரையுங்கள்: தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது, அவ்வளவு போதும். மீதி நேரத்தில் ஒரே ஒரு பொருள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாக் குவியல். 1910இலிருந்து இயங்கும் வார்விக் அதிகாலைச் சந்தையில் மூட்டை தூக்கும் உடல்கள். காவடி தூக்கும் தோளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் நிழலும் இலையும். சந்தையில் நின்று வரைவதைவிடக் கடைக்காரரிடம் ஏதாவது வாங்கி, "ஐயா, கொஞ்ச நேரம் வரையலாமா?" என்று கேட்டு, அவர் கடை ஓரத்தில் உட்கார்ந்து வரைவது மரியாதை. பாதுகாப்பும் கூட. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

படி 2: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

கமிட்டி அண்ணா வாட்ஸ்அப்பில் நான்கு வாய்ஸ் நோட் அனுப்புவார். கமிட்டியிலுள்ள அக்கா வேறொன்று சொல்வார். இரண்டையும் கேட்டு நேராக வரையத் தொடங்கினால் இருவரில் ஒருவருக்குப் பிடிக்காது. கேட்டதை எழுதித் திருப்பி அனுப்புங்கள்:

"வணக்கம் அண்ணா. நாம் பேசியதை எழுதியிருக்கிறேன். ஏ3 சுவரொட்டி, ஒரு பக்கம், நான்கு வண்ணம். படத்தில் பூக்காவடி எடுக்கும் ஒருவர், பால்குடத்தோடு ஒரு சிறுமி, பின்னால் நம் கோபுரம். எழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும். ரஃப் (முதல் பென்சில் வரைவு) வெள்ளிக்கிழமை வரும். யார் ஒருவர் பார்த்து ஒப்புதல் சொல்வார் என்று தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் சொல்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அலகு குத்தியிருப்பதைப் படத்தில் காட்டலாமா என்பதையும் இப்போதே கேளுங்கள். சில கோயில்களுக்கு அது முக்கியம், சில கோயில்கள் பிள்ளைகள் பார்க்கும் சுவரொட்டியில் வேண்டாம் என்பார்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு சுவரொட்டி ஒட்டப்பட வேண்டும், அச்சகத்துக்கு ஐந்து வேலை நாள், உங்களுக்குப் பத்து நாள். தைப்பூச வேலையில் ஒரு பொறி இருக்கிறது: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை தென்னாப்பிரிக்காவில் பல அச்சகங்கள் மூடியிருக்கும். நவம்பரிலேயே ரஃப் முடியாவிட்டால் ஜனவரியில் தூக்கம் இராது.

படி 3: விலையும் உரிமையும்

மணிக்கூலியை இப்படிக் கணக்கிடுங்கள். மாதம் கையில் 18,000 ரேண்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கும் செலவுக்கும் கால் பங்கு ஒதுக்கினால் 24,000 சம்பாதிக்க வேண்டும். மாதத்தில் காசு தரும் வேலை நேரம் 80 மணிக்கு மேல் அமையாது, மீதி நேரம் பேச்சிலும் பில்லிலும் போய்விடும். ஆக மணிக்கு 300 ரேண்ட். சுவரொட்டிக்கு 14 மணி என்றால் 4,200. கோயிலுக்குக் குறைத்துக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பில்லில் முழு விலையை எழுதி, அதன் கீழே தள்ளுபடியை எழுதுங்கள். இல்லாவிட்டால் குறைத்த விலைதான் உங்கள் விலை என்று அடுத்த ஊர் வரை பரவிவிடும்.

பாதிப் பணம் தொடங்கும் முன். ரஃப் கட்டத்தில் இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்குமேல் மணிக்கூலி. ரஃப் ஒப்புதலுக்குப் பின் வேலை நின்றுபோனால் முன்பணம் திரும்பாது. இந்த மூன்றையும் அதே வாட்ஸ்அப் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

பதிப்புரிமையைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தனியாகத் தொழில் செய்யும் ஓவியர் வரைந்த சுவரொட்டி ஓவியத்தின் உரிமை பொதுவாக ஓவியருக்கே. கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அது கைமாறாது. ஆனால் ஒருவர் பணம் பேசி ஓர் உருவப்படத்தை, அதாவது ஒரு மனிதரின் முகச்சாயலை வரையச் சொன்னால், உரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். வேறுவிதமாக வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். கோயில் நிறுவனரின் படம் கேட்டால் இதை நினைவில் வையுங்கள். சுவரொட்டிக்கு, "இந்த ஆண்டு விழாவின் அச்சுக்கும் சமூக வலைத்தளத்துக்கும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி போதும்.

படி 4: ரஃப்

இங்கே நேரத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் செலவழியுங்கள். பென்சிலில் ஒரு கோட்டை மாற்ற ஒரு நிமிடம், வண்ணத்துக்குப் பின் அதே மாற்றத்துக்கு ஒரு நாள்.

முதலில் தீப்பெட்டி அளவில் ஆறு சிறு படங்கள். வெளிச்சம், நிழல், எழுத்துக்கான இடம், இந்த மூன்று மட்டும். சுவரொட்டியின் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கு விடுங்கள். தமிழ் வரி ஆங்கில வரியைவிட அகலமாக ஓடும் என்பதால் முழு வாசகத்தையும் வாங்கிய பிறகே இடம் ஒதுக்குங்கள். நல்ல இரண்டைத் தேர்ந்து ஏ4 அளவில் பென்சில் ரஃப் போட்டு அனுப்புங்கள். மூன்று அனுப்பினால் கமிட்டி மூன்றையும் கலக்கச் சொல்லும்.

அனுப்பும் முன் சரிபாருங்கள்: காவடி எடுப்பவர் வெறுங்காலில் இருக்கிறாரா? வேலின் இலை மேல்நோக்கி இருக்கிறதா? காவடியின் இரு முனைச் செம்புகளும் ஒரே அளவா? வளைவின் எடை தோளில் விழுகிறதா, காற்றில் மிதக்கிறதா? தொடக்கநிலை ஓவியங்களில் காவடி தலைக்குமேல் ஒட்டவைத்தது போல நிற்கும். கழுத்து முன்னே தள்ளி, ஒரு தோள் இறங்கி, கைகள் கட்டையைப் பிடித்தால்தான் பாரம் தெரியும். பிறகு ரஃபைச் சுவரில் ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். யார், என்ன, எங்கே என்று புரியாவிட்டால் உருவத்தைப் பெரிதாக்குங்கள்.

படி 5: கோடும் வண்ணமும்

நீர்வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், நான்கு பக்கமும் டேப் ஒட்டி. டர்பன் கோடையின் ஈரப்பதம் தாளைக் கெடுக்கும். ஈரத்தில் கிடந்த தாளின் மேற்பூச்சு சிதைந்து, வண்ணம் சில இடங்களில் மட்டும் உறிஞ்சி இருண்ட புள்ளியாக நிற்கும். அது அழியாது. தாளை பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, படுக்கைவாட்டில் வையுங்கள். மையும் மெதுவாகத்தான் காயும். கோடு போட்டபின் ஒரு மணி நேரமாவது விட்டு, ஓரத்தில் ஈரப் பிரஷால் தொட்டுப் பார்த்து, கரையாவிட்டால் மட்டும் வண்ணத்துக்குப் போங்கள்.

ஏ4இல் வரைந்ததை ஏ3 ஆக்குவதால் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பெரிதாக்கியபின் சுமார் 424 நிற்கும், போதுமானது. 300இல் எடுத்தால் 212ஆகிவிடும், மயில்தோகைக் கோடுகள் மங்கும்.

படி 6: தமிழ் எழுத்து

அதிகம் பிழை நடக்கும் இடம் இது. கமிட்டியில் எல்லோருக்கும் தமிழ் வாசிக்க வராது என்பதால் பிழை அச்சு வரை போய்விடும்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் தமிழை ஒட்டினால் சில நேரம் "கொ" உடைந்து கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி தனியே நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். மென்பொருளில் எழுத்தைக் கோக்கும் அமைப்பு தவறாக இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்', இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களை இயக்கித் தெற்காசியக் கம்போசர் என்று மாற்றினால் சரியாகும். 'ஸ்ரீ' சில எழுத்துருக்களில் இரண்டாகப் பிரியும், தனியாகப் பாருங்கள். எழுத்தை அவுட்லைனாக (தட்டச்சில் திருத்த முடியாத வெறும் வடிவமாக) மாற்றும் முன், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தாளில் அச்சிட்டு விரல் வைத்து வாசிக்கட்டும்: ண-ன-ந, ல-ள-ழ, ஒவ்வொரு புள்ளி, தேதி, கிழமை. மாற்றாத பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்றலாம்.

படி 7: அச்சுக் கோப்பு

ஏ3 என்பது 297க்கு 420 மி.மீ. நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுவிளிம்பு சேர்த்து 303க்கு 426 ஆக அமையுங்கள், இல்லாவிட்டால் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்தை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். திரையில் மின்னும் மயில்நீலமும் கிளிப்பச்சையும் அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேயில் மங்கும். அதனால் மாற்றிய நிறத்தைக் கமிட்டிக்கு முன்பே காட்டுங்கள். சிறு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்தின் ஓரம் நிறம் பிசிறும்.

பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் படமாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சகம் அந்தச் சுருங்கிய படத்தையே அச்சிட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு.

படி 8: பில், வரி

கோப்பு போன அன்றே மீதிப் பணத்துக்குப் பில் அனுப்புங்கள், ஏழு நாள் கெடு. சம்பளம் இல்லாமல் சம்பாதிப்பவர் பொதுவாக முன்கூட்டி வரி கட்டுபவர் (provisional taxpayer) கணக்கில் வருவார்: ஆகஸ்ட் கடைசியில் ஒரு தவணை, பிப்ரவரி கடைசியில் ஒரு தவணை. கால் பங்கை வேறு கணக்கில் போட்டு வைத்தால் அந்த மாதங்களில் கடன் வாங்க வேண்டியிராது.

விழா நாளன்று அதே ஏ5 நோட்டோடு கோயிலுக்குப் போங்கள். சுவரொட்டியில் ஊகித்து வரைந்த இடங்களை நேரில் பார்த்துத் திருத்தி வரையுங்கள்: செம்பின் வாயை எந்தத் துணியால் கட்டுகிறார்கள், மயில்தோகை எந்தக் கோணத்தில் செருகியிருக்கிறது, களைத்தவர் எப்படி நிற்கிறார். சித்ரா பருவத்துக்கான அழைப்பு வரும்போது அந்தப் பக்கங்கள் கையில் இருக்கும்.